ஒரே கத்திக்குப் பதினோரு விலை

கருங்கல் சந்தையில் கருப்பட்டி விற்கிற பூங்கனிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது சந்தைக்கே தெரியும். ஆனால் தக்கலை ஆஸ்பத்திரியில் போய் அப்படி நிற்போம் என்று அவளே நினைத்திருக்கவில்லை. முதல் நாள் அவள் புருஷன் சொன்னபடி வாயைக் கட்டிக்கொண்டு, துவைத்த சேலை உடுத்தி, பதவிசாகத்தான் போயிருந்தாள்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருஷம், புரட்டாசி மாதம்; அந்தப் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அவள் புருஷன் வைகுண்டராஜன் பனையேறி. பருவத்தில் நாற்பது பனை ஏறி இறங்குகிற உடம்பு. அந்த உடம்பில், அடிவயிற்றுக்குக் கீழே இடதுபக்கம், எலுமிச்சங்காய் பருமனுக்கு ஒரு வீக்கம் கண்டது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நின்றால் வெளியே வந்துவிடும். கொஞ்ச நாள் அவன் சொல்லாமல் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினான். பிறகு ஊர் வைத்தியர் பார்த்துவிட்டு, குடல் இறங்கியிருக்கிறது, எண்ணெய்க்கும் கட்டுக்கும் இது அடங்காது, அறுத்துத் தைத்துத்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

தை பிறந்தால் மறுபடியும் பனை ஏறவேண்டும். அதற்குள் உடம்பு தேறியிருக்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டதில், படுக்கை காலியில்லை, தை கடைசியில் வாருங்கள் என்றார்கள். அப்போது போய்ப் படுத்தால் அந்த வருஷத்துப் பதநீர் முழுக்கப் போய்விடும். அதனால்தான் தக்கலைக்குப் போனார்கள்.

தக்கலையில் திருவனந்தபுரம் ரோட்டோரம் மாடி கட்டி ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் முத்துநாயகம் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். கை நல்ல கை என்று பேர். வைகுண்டராஜனைப் படுக்கவைத்து, இருமச் சொல்லி, அழுத்திப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, பத்து நாள் படுக்கை, மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று தன்மையாகச் சொன்னார். பூங்கனிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மற்ற காரியத்தைக் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் பேசிக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

ரைட்டர் கிருஷ்ணமணி டாக்டரின் மைத்துனர். மேசைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவர் கேள்வி கேட்கத் தொடங்கினார். எத்தனை பனை, சொந்தமா பாட்டமா, வீடு ஓடா ஓலையா, வயல் உண்டா, மாடு உண்டா, அண்ணன் தம்பி யாராவது உத்தியோகத்தில் இருக்கிறார்களா. கடைசியில் பூங்கனியின் காதைப் பார்த்தார். பாம்படம் முழுத்தங்கமா, உள்ளே அரக்கா என்று கேட்டார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

பிறகு மலையாளத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, விரலை வைக்கச் சொன்னார். ஐம்பது ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு வெள்ளிக்கிழமை வந்து படுத்துக்கொள்ளலாம் என்றார். வைகுண்டராஜன் கட்டைவிரலை மைப்பெட்டியில் வைத்தேவிட்டான்.

“அண்ணாச்சி, மொத்தம் எவ்வளவு ஆவும்?” என்று பூங்கனி கேட்டாள்.

“எல்லாம் முடியட்டும். பாத்துச் சொல்லுவோம்.”

“எதப் பாத்து?”

கிருஷ்ணமணி நிமிர்ந்து பார்த்தார். அவரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. வரிசையில் பின்னால் நின்றவர்களும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“இது ஆஸ்பத்திரி. உனக்க கருப்பட்டிச் சந்தையில்ல, வந்த உடனே வெலை கேக்கதுக்கு.”

பூங்கனி புருஷனின் கையைப் பிடித்து, மை பட்ட விரலைத் தன் முந்தானையில் துடைத்தாள். தாளை மேசைமேல் திருப்பி வைத்தாள். வாருங்கள் போவோம் என்று அவனை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

பஸ்ஸில் வைகுண்டராஜன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கருங்கலில் இறங்கிய பிறகுதான் பேசினான். “நாலு ஆளுக்க முன்னால என்னை நாணங்கெடுத்திட்டியே ஏட்டி. சாவக்கெடக்கவன் வெலை பேசுவானா?”

“சாவக்கெடக்கவன்ட்ட வெலை சொல்லாம இருக்கதுதான் நாணக்கேடு” என்றாள் அவள். அவனுக்கு அது எடுபடவில்லை. இரண்டு நாள் அவன் அவளோடு பேசாமலே கஞ்சி குடித்தான்.

அவளுக்கும் உள்ளே பயம் இல்லாமல் இல்லை. வீக்கம் எலுமிச்சங்காயிலிருந்து நாரத்தங்காய் அளவுக்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ரைட்டர் தன் காதைப் பார்த்த பார்வை அவளை விட்டுப் போகவில்லை. அடுத்த சந்தையில் கருப்பட்டியைப் பரப்பி வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் விசாரிக்கத் தொடங்கினாள். தக்கலையில் குடலிறக்கத்துக்கு அறுத்துக்கொண்டவர்கள் யார் யார், எவ்வளவு கொடுத்தார்கள்.

முதலில் கேட்டது செக்கு வைத்திருக்கிற குமாரதாஸிடம். தொண்ணூறு ரூபாய் என்று சொல்லிவிட்டு அவசரமாக நகர்ந்துபோனார். அடுத்த சந்தைக்கு அவர் மனைவி தாணம்மாள் வந்தாள். அவளிடம் பேச்சோடு பேச்சாகத் தொண்ணூறு என்று பூங்கனி சொன்னதும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. கொடுத்தது நூற்றி அறுபதாம். கறவை மாட்டை விற்றுக் கொடுத்ததாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, மரியாதையாக நடத்துவார்கள் என்று அன்றைக்கு மச்சினன் கைக்கடிகாரத்தை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போனாராம் குமாரதாஸ். அந்தக் கடிகாரத்துக்கும் சேர்த்துத்தான் அவர்கள் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று பூங்கனிக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சந்தையில் சுமை தூக்குகிற சுடலையாண்டி எழுபத்தைந்து கொடுத்திருந்தார். அதைச் சொல்வதற்குள் அவர் நான்கு தடவை அக்கம்பக்கம் பார்த்தார். உனக்காகக் குறைத்தது, வெளியே மூச்சு விடாதே என்று ரைட்டர் சொல்லியிருந்தாராம். தாணம்மாளிடம் இதைச் சொன்னபோது அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவர்களிடமும் அதையேதான் சொன்னார்களாம். உண்மையில் இருநூறு, உங்களுக்காக நூற்றி அறுபது, வெளியே சொல்லவேண்டாம்.

அதற்குப் பிறகு பூங்கனி ஒவ்வொருவரிடமும் இரண்டு கேள்வி கேட்டாள். எவ்வளவு கொடுத்தீர்கள், வெளியே சொல்லாதே என்று சொன்னார்களா. முதல் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வந்தது. இரண்டாவதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கூடுதல் கொடுத்தவர்கள் ஏமாளி என்று பேர் வருமே என்று மறைத்தார்கள். குறைத்துக் கொடுத்தவர்கள் தரித்திரம் என்று பேர் வருமே என்று மறைத்தார்கள். ஊர் முழுக்க இப்படி வாயை மூடிக்கொண்டிருந்ததில் கிருஷ்ணமணிக்கு மேசையில் ஒரு விலைத்தாள் தேவைப்படவே இல்லை.

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து வந்து சிப்பம் சிப்பமாகக் கருப்பட்டி வாங்கிப்போகிற சுலைகா பீவி இதைக் கேட்டு முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவள் தம்பி சேக் மைதீன் அதே ஆஸ்பத்திரியில், அதே குடலிறக்கத்துக்கு, முந்நூற்றிப் பத்து ரூபாய் கொடுத்திருந்தான். மீன்பிடி வள்ளத்தில் அவனுக்கு இருந்த பங்கு அதில் போயிற்று. ஓட்டு வீடு இருக்கிறது என்று அவன் ரைட்டரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தான்.

“எழுதி வெய்க்கணும் புள்ளே. வாயில சொன்னா காத்துல போவும்” என்றாள் சுலைகா பீவி.

பூங்கனிக்கு எழுதத் தெரியாது. சுலைகா பீவி அரபு எழுத்தில் தமிழ் எழுதப் படித்தவள். அவள் ஊரில் பெண்பிள்ளைகள் அப்படித்தான் படிப்பார்கள். எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், வாசித்தால் தமிழாக வரும். ஒரு தாளில் அவள் பேரும் ஊரும் மாதமும் தொகையும் எழுதினாள். ஐப்பசி முடிவதற்குள் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள். எழுபத்தைந்து முதல் முந்நூற்றிப் பத்து வரை. பதினோரு பேருக்கும் அறுத்தது ஒரே கை, படுத்தது அதே பத்து நாள்.

கார்த்திகை முதல் திங்கட்கிழமை அவர்கள் தக்கலைக்குப் போனார்கள். பூங்கனியும் சுலைகா பீவியும் குமாரதாஸும் தாணம்மாளும். சுடலையாண்டி வரமாட்டேன் என்றுவிட்டார். அந்த டாக்டர் தனக்கு உயிர் கொடுத்தவர், அவர் வாசலில் போய் வழக்குப் பேசத் தன்னால் ஆகாது என்றார். வைகுண்டராஜன் வந்தான், ஆனால் வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே பெஞ்சில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். பூங்கனி ரைட்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்று, அன்று கேட்டதையே மறுபடியும் கேட்டாள். குடலிறக்கத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும். கிருஷ்ணமணி போன தடவை சொன்னதையே சொன்னார். அப்படியென்றால் இந்தப் பதினோரு பேருக்கு எதைப் பார்த்துச் சொன்னீர்கள் என்று அவள் தாளைக் காட்டினாள்.

அவர் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியும், மலையாளம் தெரியும், இங்கிலீஷ் தெரியும். இது மூன்றும் இல்லை. பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

“வாசிக்கணுமா ரைட்டரே? குடும், நான் வாசிக்கேன்” என்று சுலைகா பீவி கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. அவளுக்கு அது தேவையாகவும் இல்லை. எழுதினவள் அவள்தானே. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, பேர் ஊர் தொகை என்று ஒவ்வொன்றாக, மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். குமாரதாஸ் பேர் வந்தபோது குமாரதாஸ் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்து, ஆமாம், நான்தான், நூற்றி அறுபது, என் மாடு போச்சு என்று உரக்கச் சொன்னார். தாணம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கட்டினவன் தன் வாயால் அந்தத் தொகையைச் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பேறுகால அறையில் மகளை விட்டிருக்கிற ஒருத்தி, தனக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாள். கண்ணில் சதை எடுக்க வந்த ஒருவர் கேட்டார். கிருஷ்ணமணிக்கு வியர்த்துவிட்டது.

“நீ கருப்பட்டி எல்லாருக்கும் ஒரே வெலைக்கா குடுக்க?” என்று அவர் பூங்கனியைப் பார்த்துக் கத்தினார்.

“இல்ல. ஆளுக்கு ஆளு கூடும் குறையும். ஆனா உம்ம பெட்டியில போடுகதுக்கு முன்னால நான் வெலையச் சொல்லுவேன். பிடிக்கலைன்னா நீரு அடுத்த கடைக்குப் போலாம். வயித்தக் கீறிப் போட்டபிறகு இவிய எந்தக் கடைக்குப் போவாவ?”

சத்தம் கேட்டு டாக்டர் முத்துநாயகம் வெளியே வந்தார். கிருஷ்ணமணியின் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார், யாருடையது என்று கேட்டார். பூங்கனி முழுவதையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொன்ன பதில் பூங்கனி எதிர்பார்த்தது அல்ல. தான் எதையும் மறைக்கவில்லை என்றார் டாக்டர். இருக்கிறவனிடம் கூடுதல் வாங்குவதால்தான் இல்லாதவனுக்குக் குறைத்துச் செய்ய முடிகிறது. எல்லாருக்கும் ஒரே தொகை என்று வைத்தால் சுடலையாண்டி மாதிரி ஆட்கள் திண்டாடிச் செத்துப்போவார்கள். அதை யோசித்தாயா என்று கேட்டார்.

அதில் ஞாயம் இருப்பதாகவே பூங்கனிக்குப் பட்டது.

“அதுக்கு நான் குறை சொல்லல்ல டாக்டரய்யா. இருக்கவன்ட்ட கூடுதல் வாங்கும். ஆனா குமாரதாஸண்ணன் கையில கெடந்தது இரவல் கடியாரம். உம்ம ரைட்டர் அதப் பாத்து மாட்ட விக்க வெச்சுட்டாரு. முதல்லயே இதுதான் ரேட்டுன்னு சொல்லி, குடுக்கக் கழியாதவனுக்கு இவ்வளவு குறைப்போம்னு சொன்னா, பொய்க் கடியாரமும் வேண்டாம், வெளிய சொல்லாதேன்னு சத்தியமும் வேண்டாம்.”

டாக்டர் கிருஷ்ணமணியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பூங்கனிக்குத் தெரியவில்லை. ஆனால் நோயாளிகள் முன்னால் ஒரு பனையேறியின் பெண்டாட்டி சொல்லித் தான் கேட்பதாக இருப்பது அவருக்குத் தாங்கவில்லை. என் ஆஸ்பத்திரியை எப்படி நடத்துவதென்று எனக்குத் தெரியும், நம்பிக்கை இல்லையென்றால் உன் புருஷனை வேறு இடத்துக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்தபோது வைகுண்டராஜன் எழுந்து நின்றான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. திறந்த ஜன்னல் வழியாக அவனுக்கு எல்லாமே கேட்டிருந்தது. “அப்ப இனி இஞ்ச நமக்கு எடமில்ல” என்று மட்டும் சொன்னான். திரும்பி வருகிற வழியெல்லாம் பூங்கனிக்கு நெஞ்சு கனத்துக் கிடந்தது. தான் பேசினதற்கு விலை அவன் உடம்பு கொடுக்கப்போகிறதே என்று.

அது மார்கழியில் வந்தது. ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். வீக்கம் கல்லாக இறுகிவிட்டது, உள்ளே போகமாட்டேன் என்றது. வைகுண்டராஜன் வாந்தியெடுத்தான், சுருண்டு விழுந்தான். குடல் முறுக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்று ஊர் வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார். பூங்கனி ஒரு வண்டி பிடித்து, வைக்கோல் பரப்பி அவனைப் படுக்கவைத்து, தக்கலைக்கே ஓட்டச் சொன்னாள். மிஷன் ஆஸ்பத்திரி அதைத் தாண்டி இன்னும் பத்து மைல். அவ்வளவு தூரம் தாங்குவானா என்று தெரியாது. பாம்படத்தைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டாள். கிருஷ்ணமணி காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். என்ன கேட்டாலும் கொடுத்துவிடுவது.

மேடும் பள்ளமுமான ரோட்டில் வண்டி குலுக்கிக் குலுக்கி எடுத்தது. தக்கலை வந்து, ஆஸ்பத்திரி மாடி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், வைகுண்டராஜன் நீளமாக ஒரு மூச்சு விட்டான். செத்துப்போனான் என்றே அவள் நினைத்தாள். அவன் கையை அடிவயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, வீக்கம் உள்ளே போய்விட்டது என்றான். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, வண்டி எங்கே நிற்கிறது என்று பார்த்தான்.

“வண்டிய எதுக்கு இஞ்ச நிப்பாட்டுக?”

“இஞ்சயே காட்டுவோம். நான் மன்னிப்புக் கேக்கேன்.”

“எதுக்கு மன்னிப்பு? நீ கேட்டதுல என்ன தப்பு இருந்து?” என்றான் அவன். வேர்வையில் நனைந்து, முகம் வெளுத்துப்போய் இருந்த மனிதன். “நாகர்கோவில் பஸ் எப்பன்னு கேளு.”

பூங்கனி அந்த வண்டியில் இருந்துகொண்டு அழுதாள். கல்யாணம் ஆன பதினெட்டு வருஷத்தில் அவன் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

மிஷன் ஆஸ்பத்திரியில் அவன் நிலைமையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே படுக்கை போட்டுக் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் அறுத்தார்கள். உடம்பு தேறி அவன் மறுபடி பனைமேல் கால் வைத்தபோது சித்திரை பிறந்துவிட்டது. பருவத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. அந்த வருஷம் பூங்கனி பிறத்தியாரிடம் வாங்கித்தான் கருப்பட்டி விற்றாள். இரண்டு வேளைக் கஞ்சி ஒரு வேளையான நாட்களும் உண்டு.

தக்கலையிலும் காரியம் நின்றுவிடவில்லை. அந்தத் திங்கட்கிழமை பெஞ்சில் இருந்தவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருந்தார்கள். கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிறவர்கள்கூட, தாளில் விரலை வைப்பதற்கு முன்னால் எவ்வளவு என்று ரைட்டரிடம் கேட்டார்களாம். சொல்லாவிட்டால் எழுந்து போனார்களாம். பங்குனியில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பலகை மாட்டினார்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஆறு ஆப்பரேஷனுக்கு ரேட்டு. குடலிறக்கம், நூற்றிமுப்பது. கீழே சின்ன எழுத்தில், இல்லாதவர்கள் கேட்டால் குறைக்கப்படும்.

சுலைகா பீவி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தபோது சந்தையே வந்து பூங்கனியைப் பாராட்டியது. சுடலையாண்டி மட்டும் பாராட்டவில்லை. அவர் தங்கை செல்லத்தாய்க்கு இப்போது அதே ஆஸ்பத்திரியில் கர்ப்பப்பையில் கட்டி எடுக்கவேண்டும். முன்பானால் தன் கிழிந்த துண்டைப் பார்த்தே ரைட்டர் குறைத்துச் சொல்லியிருப்பார் என்றார். இப்போது பத்துப் பேர் முன்னால், எனக்கு இல்லை, குறைத்துக் கொடுங்கள் என்று வாய் திறந்து கேட்க வேண்டும். உன்னால் வந்த வினை இது என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. பூங்கனி அதை மறுக்கவும் இல்லை. கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, அவரையும் செல்லத்தாயையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கிருஷ்ணமணி அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மேசையில் இப்போது தமிழில் அச்சடித்த தாள் இருந்தது. கட்டிக்கு ரேட்டு நூற்றைம்பது என்று, கேட்காமலே சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடலையாண்டி துண்டைக் கையில் முறுக்கினார், அவிழ்த்தார். பூங்கனி தனக்காகப் பேசுவாள் என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பேசவில்லை.

“எனக்குச் சொமட்டுக் கூலிதான். அவ்வளவு குடுக்கக் கழியாது. குறைக்கணும்” என்றார் அவர் கடைசியில், குரல் நடுங்க.

கிருஷ்ணமணி தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். “நூறு.”

சுடலையாண்டி மறுபடியும் பூங்கனியைத் திரும்பிப் பார்த்தார்.

“நூறு குடுக்கக் கழியுமா உமக்கு?” என்று அவள் கேட்டாள்.

கழியாது என்று அவர் தலையசைத்தார்.

“அப்ப என்னைப் பாத்து என்னத்துக்கு? ரைட்டரப் பாத்துச் சொல்லும்.”

சுடலையாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அவர் குரல் நடுங்கவில்லை.